நடுவில் நின்றவன்

போஸ்ட்ஹேஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிகள் 'மிக விரைவாக' என்று பொருள் தருகின்றன. வினையடை என்று ஒரு இலக்கணக் குறிப்பும் போட்டுவிடுகின்றன. அகராதியின் கடமை அத்தோடு தீர்ந்தது. எனக்கு அங்கேதான் சந்தேகம் ஆரம்பிக்கிறது. இந்தச் சொல் வினையடையாகப் பிறக்கவில்லை. முழு வாக்கியமாகப் பிறந்தது. அந்த வாக்கியத்தின் நடுவில் ஒரு மனிதன் நின்றிருந்தான். இன்று சொல் இருக்கிறது, அவன் இல்லை. அவன் எப்படிக் காணாமல் போனான் என்பதுதான் என் விசாரணை.

சொல்லாராய்ச்சி என்று பயந்து யாரும் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். வேர்ச்சொல்லைத் தோண்டி எடுத்துப் புளகாங்கிதம் கொள்ளும் வித்வத் காரியம் எனக்குக் கைவராதது. ஒரு சொல்லுக்கு நேர்ந்தது மனிதர்களுக்கும் நேர்ந்திருக்கிறது என்று பட்டதால் எழுதுகிறேன்.

16-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அரசாங்கக் கடிதங்களை எடுத்துக்கொள்வோம். அப்போது உறை கிடையாது. காகிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்புறத்தில் விலாசம் எழுதுவார்கள். விலாசத்தின் அருகே இன்னொரு வரியும் இருக்கும்: விரை, போஸ்ட், விரை. 'போஸ்ட்' என்பது இங்கே விளி. சாலையில் குதிரையோடு நிற்கும் அஞ்சல் ஆளைக் கூப்பிடும் சொல். அவனுக்கு முன்னால் ஒரு ஏவல், பின்னால் அதே ஏவல் மறுபடியும். சில கடிதங்களில் இதுவும் போதவில்லை. 'உன் உயிருக்காக' என்று சேர்த்து எழுதினார்கள், அதையும் இரண்டு மூன்று முறை. இன்னும் சிலவற்றில் எழுத்தை நம்பாமல் ஒரு தூக்குமரத்தையே வரைந்துவிட்டார்கள். படிக்கத் தெரியாதவனுக்கும் தூக்குமரம் புரியும்.

ஒரு கடிதத்துக்கு அனுப்புகிறவன், பெறுகிறவன் என்று இரண்டு பேர்தான் என்று நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். இந்த வரி இருவருக்கும் உரியதல்ல. அனுப்புகிறவனுடைய சேதி உள்ளே அரக்குக்குள் இருக்கிறது. பெறுகிறவன் அதை உடைத்துப் படிப்பான். வெளியே இருப்பது மூன்றாவது ஆளுக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவனுக்குத் தெரிய வேண்டியது, பிந்தினால் தன் கழுத்துக்கு என்ன நேரும் என்பது மட்டும். ஒருவனுடைய சாவையோ ஒரு நாட்டின் யுத்தத்தையோ பற்றிய சேதியின் வேகத்துக்கு, சேதியோடு சம்பந்தமே இல்லாத ஒருவனின் உயிர் ஈடாக வைக்கப்படுகிறது.

எட்டாம் ஹென்றியின் காலத்தில் அஞ்சல் நிர்வாகத்தின் தலைவராக இருந்தவர் சர் பிரையன் ட்யூக். அவர் 1533-ல் தாமஸ் குரோம்வெல்லுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. லண்டனுக்கும் கலேக்கும் இடையில் தவிர வேறெங்கும் அரசருக்கு நிரந்தரமாக ஆள் நிறுத்திய அஞ்சல் வழி இல்லை என்று அதில் சொல்கிறார். கலே அப்போது ஆங்கிலேயர் வசம் இருந்தது. மற்றப் பாதைகளில் தேவை வந்தபோது ஊர்க்காரர்களின் குதிரைகளைக் கேட்டோ பிடுங்கியோ காரியத்தை நடத்தினார்கள். எலிசபெத்தின் ஆட்சியில் விதிகள் கெட்டிப்பட்டன. கட்டு வந்து சேர்ந்த கால் மணி நேரத்துக்குள் அடுத்த குதிரை கிளம்பிவிட வேண்டும். கோடையில் மணிக்கு 7 மைல், குளிர்காலத்தில் 5 மைல். ஒவ்வொரு நிலையிலும் கட்டு வந்த நேரத்தை அங்கே இருப்பவன் எழுதி வைக்க வேண்டும். இது மகாஜனங்களின் தபால் அல்ல, அரசனுடைய தபால். பொதுமக்களின் கடிதங்களுக்கு அந்தச் சாலை முறைப்படி திறந்தது 1635-ல், முதலாம் சார்லஸின் பிரகடனத்தோடு.

மணிக்கு 7 மைல் என்பது இன்று சைக்கிளில் சாவகாசமாகப் போகிறவனின் வேகம். ஆனால் அந்த வேகத்தை இரவும் பகலும், மழையிலும் சேற்றிலும், முந்நூறு மைலுக்கு விடாமல் காப்பாற்ற ஒரு குதிரையாலும் முடியாது, ஒரு மனிதனாலும் முடியாது. பல பேர் வேண்டும். அந்தப் பல பேரும் செய்ய வேண்டிய முதல் காரியம் ஓடுவது அல்ல. நிற்பது.

போஸ்ட் என்ற சொல் இதைத்தான் சொல்கிறது. அதன் லத்தீன் மூலத்துக்கு 'வைக்கப்பட்டது', 'நிறுத்தப்பட்டது' என்று பொருள். இத்தாலிய மொழியில் போஸ்டா ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சாலையில் இத்தனை மைலுக்கு ஒருவன் என்று நிறுத்திவைக்கப்பட்டவனே போஸ்ட். விரைவைச் சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் மிக அவசரமான சொல்லுக்குள்ளே, அசையாமல் நின்றுகொண்டிருக்கும் ஒருவன் இருக்கிறான். நம் பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் அஞ்சல் ஓட்டம் பார்த்திருக்கிறோம். கட்டையோடு ஓடி வருகிறவன் மீதே எல்லோருடைய கண்ணும் இருக்கும். கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, காத்து நிற்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் அங்கே நிற்காவிட்டால் இவன் ஓடி வந்ததற்கு அர்த்தமில்லை.

இந்தச் சாலையில் ஓடியவர்களில் சரித்திரத்தில் பெயர் பெற்றவன் ராபர்ட் கேரி. 1603 மார்ச் 24-ம் தேதி அதிகாலையில் ரிச்மண்ட் அரண்மனையில் எலிசபெத் இறந்தாள். அடுத்து முடிசூட வேண்டியவன் ஸ்காட்லாந்தில் இருந்த ஜேம்ஸ். சேதியை முதலில் கொண்டுபோகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேரிக்குத் தெரியும். அன்று காலையே லண்டனிலிருந்து கிளம்பினான். முதல் நாள் இரவு டான்காஸ்டர். சனிக்கிழமை நண்பகலில் எல்லைப்புறத்து நார்ஹம். வழியில் கீழே விழுந்து, குதிரை தலையில் உதைத்து, ரத்தம் ஒழுக, அன்று இரவு எடின்பரோவில் படுக்கைக்குப் போய்விட்ட ஜேம்ஸின் முன்னால் மண்டியிட்டான். ஏறத்தாழ 400 மைல், மூன்று நாளுக்குள். ஜேம்ஸ் அவனைத் தன் அந்தரங்கப் பணியாளர்களில் ஒருவனாக நியமித்தான். ஆனால் லண்டனில் மந்திராலோசனை சபைக்கு இந்த வேகம் பிடிக்கவில்லை, அநாகரிகம் என்று கண்டித்தது. ஜேம்ஸ் லண்டன் வந்து சேர்ந்ததும் பதவி பறிபோயிற்று. கேரி தன் நினைவுக் குறிப்புகளில் இதையெல்லாம் எழுதியிருக்கிறான். அவனுடைய பெயர், அவன் காயம், அவன் ஏமாற்றம் எல்லாம் நமக்குத் தெரியும். அவனுக்கு வழி நெடுகக் குதிரை மாற்றிக் கொடுத்தவர்களில் ஒருவன் பெயரும் நமக்குத் தெரியாது. கேரி தனக்காக ஓடியவன். மற்றவர்கள் நின்றவர்கள்.

இனி சொல்லுக்குத் திரும்புவோம். கடிதத்தின் முதுகில் எழுதிய வரியைத் திரும்பத் திரும்ப எழுதியதில் அது தேய்ந்தது. மூன்று சொல் இரண்டாயிற்று. விளியை இரண்டு பக்கமும் பிரித்துக் காட்டிய நிறுத்தக்குறிகள் உதிர்ந்தன. 'போஸ்டே, விரை' என்று ஒருவனைக் கூப்பிட்டது, ஒட்டிக்கொண்டு 'போஸ்ட் விரைவு' என்று ஒரு குணத்தின் பெயராயிற்று. பிறகு வினையைத் தழுவி வினையடையாயிற்று. விளி என்பது இலக்கணத்தில் ஒரு மனிதன் எதிரில் இருக்கிறான் என்பதற்கான சாட்சியம். வினையடைக்கு ஆள் வேண்டாம். எந்த வினையோடும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு நிறுத்தக்குறி விழுந்ததில் ஒரு மனிதன் விழுந்தான் என்று சொன்னால் மிகையாகப் படலாம். நடந்தது அதுதான்.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில் எழுதியவன் ஷேக்ஸ்பியர். ஹாம்லெட்டில் இச்சொல் பெயர்ச்சொல்லாக வருகிறது, நாடு முழுவதும் நடக்கும் யுத்த ஆயத்தத்தின் பரபரப்பைக் குறிக்க. ஒதெல்லோவில் பழைய மூன்று சொல்லையும் அப்படியே கோத்து ஒரு பெயரடையாக்கியிருக்கிறான், இரவில் சபைக்கு உடனே வரச்சொல்லும் அழைப்புக்கு. இரண்டாம் ரிச்சர்டில், 1595-ஐ ஒட்டி எழுதிய நாடகத்தில், அது முழு வினையடை. அந்த இடத்தை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதல் அங்கத்தின் கடைசிக் காட்சி. அரசன் ரிச்சர்டுக்கு அயர்லாந்து யுத்தத்துக்குப் பணம் தேவை. அந்த நேரம் பார்த்து புஷி என்ற அணுக்கன் வந்து சேதி சொல்கிறான்: அரசனுடைய சிற்றப்பன், முதியவர் ஜான் ஆஃப் காண்ட், திடீரென்று நோய் கண்டு கிடக்கிறார். அரசன் வந்து பார்க்க வேண்டும் என்று விரைந்து சொல்லியனுப்பியிருக்கிறார். அந்த 'விரைந்து'தான் நம் சொல். அதற்கு ரிச்சர்டின் பதிலைப் போல் குளிர்ந்த ஒன்றை நான் அதிகம் படித்ததில்லை. கிழவரை வைத்தியன் சீக்கிரம் குழிக்கு அனுப்பிவிட்டால் அவர் பெட்டகம் நம் சிப்பாய்களுக்குச் சட்டையாகும் என்று கணக்குப் போடுகிறான். பிறகு, விரைந்துதான் போக வேண்டும், ஆனால் எல்லாம் முடிந்த பிறகே போய்ச் சேர வேண்டும் என்று கடவுளை வேண்டுகிறான். வேண்டுதல் பலிக்கவில்லை. போகும்போது கிழவருக்கு உயிர் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுக்கொள்கிறான். அவர் இறந்ததும் சொத்தைக் கைப்பற்றுகிறான்.

இந்தக் காட்சியில் அரசன் இருக்கிறான், அணுக்கன் இருக்கிறான், சாகக் கிடப்பவர் இருக்கிறார். அவர் வீட்டிலிருந்து சேதியோடு ஓடி வந்தவன் எங்கே? மேடையில் இல்லை. வினையடைக்குள் இருக்கிறான்.

நண்பர் ஒருவர் இந்த நாடகத்தைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறார். இந்த இடத்தில் 'அவசரமாக' என்று போட்டிருந்தார். அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தில்தான் இந்தக் கட்டுரையின் பாதி உருவானது. அவசரம் பொல்லாத சொல். ஸம்ஸ்கிருதத்தில் அதற்குச் சந்தர்ப்பம், தக்க தருணம் என்று பொருள். மலையாளி இன்றும் 'அவசரம்' என்றால் வாய்ப்பைத்தான் சொல்கிறான். தெலுங்கில் அது தேவை. கன்னடத்திலும் தமிழிலும் அது பரபரப்பு. வாய்ப்பு வந்தது, தேவை பிறந்தது, பதற்றம் தொற்றியது என்று தென்னாட்டின் மனநிலை முழுவதையும் ஒரே சொல்லுக்குள் வரிசையாகப் படித்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் மூன்றும் ஒருவனுடைய மனத்துக்குள் நடப்பவை. என் வாய்ப்பு, என் தேவை, என் பதற்றம். இன்னொருவன் கால் அதில் இல்லை.

ஆங்கிலத்தின் மற்ற விரைவுச் சொற்களுக்கும் விசித்திரமான ஜாதகங்கள் உண்டு. ஃபாஸ்ட் என்றால் முதலில் 'உறுதியாக', 'அசையாமல்'. இறுகப் பிடித்தல் என்ற அர்த்தத்தில் அது இன்றும் வழங்குகிறது. உறுதியாக என்பது தீவிரமாக ஆகி, தீவிரமாக என்பது வேகமாக ஆயிற்று. குவிக் என்றால் 'உயிருள்ள'. ஸூன் என்பது பழைய ஆங்கிலத்தில் 'இந்தக் கணமே'. பிரஸன்ட்லி என்பதும் ஷேக்ஸ்பியர் காலத்தில் பெரும்பாலும் அதே பொருளில்தான். இரண்டும் இன்று 'சற்று நேரத்தில்' ஆகிவிட்டன. அனான் என்பதும் அப்படியே தேய்ந்தது. நான்காம் ஹென்றி முதல் பாகத்தில் மதுக்கடைப் பையன் பிரான்ஸிஸ், உள்ளேயிருந்து கூப்பிடக் கூப்பிட அந்த ஒரே சொல்லைப் பதிலாகச் சொல்லிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறான். நம் ஹோட்டல்களில் 'இதோ வந்துட்டேன் சார்' என்று குரல் மட்டும் வந்து ஆள் வராதது போல. மனித சோம்பலால் விரைவுச் சொற்கள் எல்லாம் தாமதச் சொற்களாகின்றன என்று மொழியியல்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

போஸ்ட்ஹேஸ்ட் அப்படித் தேயவில்லை. அதன் கதி வேறு. 1784-ல் பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் இடையே தபால் கோச் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. 1830-ல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே தபால் ரயிலில் ஏறியது. குதிரை மாற்றும் நிலைகள் சத்திரங்களாகவும் பிறகு வெறும் கட்டிடங்களாகவும் நின்றன. சொல்லுக்கு அடியில் இருந்த சாலை போயிற்று. இன்று ஓர் ஆங்கிலேயன் அதைச் சொன்னால் பெரும்பாலும் சற்றுக் கேலியாக, பழங்கால உடை போட்டுக்கொண்ட குரலில் சொல்கிறான். தூக்குமரம் வரைந்த சொல் வேடிக்கைச் சொல்லாகிவிட்டது.

அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட சொற்களில் ஒன்று இம்மீடியட்லி. அதன் லத்தீன் உறுப்புகளைப் பிரித்தால் 'இடையில் எதுவும் இல்லாமல்' என்று வரும். போஸ்ட்ஹேஸ்ட் இடையில் இருந்தவனைப் பெயர் சொல்லாவிட்டாலும் தொழில் சொல்லிக் கூப்பிட்டது, மிரட்டிக்கூட வைத்தது. மிரட்டுவதற்காவது அவன் இருக்கிறான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இம்மீடியட்லி இடையில் யாருமே இல்லை என்கிறது. இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு நாகரிகமே மாறிவிட்டது.

இந்த இரண்டாவது சொல் எனக்கு ஒருமுறை தந்தியில் வந்தது. 1983-ல் நான் பெங்களூரில் வேலையில் இருந்தேன். ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி. நான்கே சொற்கள். தந்தி இருந்த காலத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது. இம்மீடியட்லி என்றால் எடுப்பதற்கு முன் வந்து சேர். நேரடியாகச் சொன்னால் வழியில் ஏதாவது ஆகிவிடும் என்ற கருணையில் பிறந்த சங்கேத பாஷை அது. 2013 ஜூலை 14-ம் தேதி இந்த நாட்டில் கடைசித் தந்திகளை வாங்கிக்கொண்டு அந்தச் சேவையை மூடியபோது, அந்த பாஷையும் சேர்ந்து மூடியது.

தந்தி கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டும் போகவில்லை. வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நான் படித்து முடித்து நிமிர்ந்ததும், 'அவசர படபேடி சார்' என்றார் கன்னடத்தில். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழில், 'ராத்திரிதானே பஸ், ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க' என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எத்தனை வாசல்களில் அப்படி நின்றிருப்பாரோ. இடையில் எதுவும் இல்லை என்று சொல்லும் சொல்லை அவர் கையால் கொண்டுவந்து கொடுத்தார்.

மதுரை வரை இரவு பஸ். ஓட்டுநர் சேலத்தில் டீக்கு நிறுத்தினார். நான் இறங்கவில்லை. என் பதற்றத்தால் அந்த வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுக்கூட அதிகம் சுற்றவில்லை என்று தெரிந்தது. மறுநாள் முற்பகலில் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்குள் நுழைந்தபோது, தெருவில் பந்தல் போட்டு, மேளக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து, எல்லோரும் காத்திருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து மரத்தூளில் பொதிந்து வந்த ஐஸ் கட்டிகளின் நடுவில் அப்பா இருந்தார். 'நீ வரட்டும்னுதான் வச்சிருக்குய்யா' என்றார் சித்தப்பா. நான் சரியான நேரத்துக்கு வந்துவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். நேரத்தை எனக்காகப் பிடித்து நிறுத்தியவர்கள் அவர்கள். நிறுத்தப்பட்டவை, நிறுத்தப்பட்டவர்கள். அந்த லத்தீன் மூலத்தைப் பிற்பாடு அகராதியில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த ஐஸ்தான்.

அன்று இன்னொருவரும் காத்திருந்தார், பந்தலுக்கு வெளியே. முதல் நாள் விடியற்காலையில் அப்பாவுக்கு மூச்சு நின்றதும் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். சைக்கிளில் கோவில்பட்டி போய்த் தந்தி கொடுத்தது அவர். திரும்பி வந்து சுற்று வட்டாரத்தில் உறவுக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் நடந்துபோய்க் கேதம் சொன்னதும் அவர். எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி கொண்டு ஓடுவது தலித்துகள் மேல் சுமத்தப்பட்ட வேலையாக இருந்தது. அதற்குக் கூலி என்று பேச்சில்லை, கொடுப்பதைக் கையேந்தி வாங்கிக்கொள்ள வேண்டும். சொல்லப்போன வீட்டிலும் வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும். என் தந்தியின் நான்கு சொற்களுக்குக் காசு கொடுத்தது எங்கள் வீடு. அதன் வேகத்துக்குக் கால் கொடுத்தது அவர்.

அவரை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். என்னைவிட இருபது வயது மூத்தவர்களை என் வயதுப் பையன்கள் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். 'ஓடு, ஏலே, வெரசா ஓடு.' ஏவல், விளி, மறுபடி ஏவல். 16-ம் நூற்றாண்டுக் கடிதத்தின் முதுகில் எழுதிய வாக்கியம், உறுப்புக்கு உறுப்பு அப்படியே, எங்கள் ஊர்த் தெருவில். அங்கே தூக்குமரம் வரைய வேண்டியிருந்தது. இங்கே 'ஏலே' போதுமாக இருந்தது.

ஆகவே நண்பரிடம் அந்தச் சொல்லுக்குத் தமிழ் இல்லை என்று நான் சொல்ல முடியாது. இருக்கிறது, நம் வாயில் இருக்கிறது, கூச்சத்தினால் அகராதியில் ஏற்றாமல் வைத்திருக்கிறோம். ஆனால் புஷி அதைச் சொல்ல மாட்டான். அரசவையில் வினையடைதான் பேசும். புஷியின் வாயில் 'அவசரமாக' என்பதைக் காட்டிலும் 'ஆளை ஓட்டமாய் அனுப்பியிருக்கிறார்' என்பது பொருத்தம் என்று வாதித்தேன். ஒரு சொல்லுக்கு மூன்று சொல் செலவாகிறது என்றார் நண்பர். செலவாகட்டும். அந்த மூன்றில் ஒன்று ஆள்.

இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் விமர்சனத்தில் உடனடி அனுபவம், இடையீடற்ற அனுபவம் என்று நெடுங்காலமாகப் பேசி வந்திருக்கிறோம். பிராட்லியின் தத்துவத்திலிருந்து வந்த பதம் அது. எலியட் அவரைப் பற்றி ஆராய்ச்சியேடு எழுதி 1916-ல் முடித்தார், 1964-ல்தான் அது புத்தகமாயிற்று. நாம் இரண்டையும் படித்தோ படிக்காமலோ பதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். கவிதைக்கும் வாசகனுக்கும் நடுவில் எதுவும் நிற்கக் கூடாது என்பதை ஒரு தர்மமாகவே வைத்துக்கொண்டோம். எனக்கு இப்போது அந்த 'நடுவில் எதுவும்' என்பதன் மேல் நம்பிக்கை குறைந்துவிட்டது. எந்தச் சொல்லும் யாரோ தூக்கி வந்து கொடுத்ததுதான். அச்சுக்கோத்தவர், மொழிபெயர்த்தவர், அதற்கு முன் அதைத் தெருவில் உரக்கக் கத்தியவர், கத்தியதைக் கேட்டு ஓடியவர். இடையீடு இல்லை என்று நமக்குத் தோன்றுவது, இடையில் நிற்பவர்கள் தங்கள் வேலையைப் பிசகாமல் செய்துவிட்டதால். அதைக் கவிதையின் தூய்மை என்று சொல்வது, எங்கள் வீட்டில் எல்லோரும் தந்தியின் வேகத்தை மெச்சியதைப் போன்றது.

ட்யூடர் காலக் கடிதங்களில் பல இன்று ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. உள்ளே இருந்த ராஜரகசியங்கள் செத்துப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. யார் யாரைக் கைது செய்யச் சொன்னார்கள், எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை கப்பல் என்பதெல்லாம் ஆராய்ச்சி மாணவர்களுக்கு. நான் பார்க்க விரும்புவது வெளிப்புறத்தை. அங்கே தூக்குமரத்துக்கும் ஏவலுக்கும் அடியில், வெவ்வேறு மையில், வெவ்வேறு கையெழுத்தில் சிறுசிறு குறிப்புகள் இருக்கின்றன. ஹண்டிங்டன், ஸ்டாம்ஃபோர்ட், நியூவார்க் போன்ற ஊர்ப் பெயர்கள், பக்கத்தில் வந்துசேர்ந்த மணி. சிலவற்றில் எழுத்துக் கோணுகிறது. இரவு இரண்டு மணிக்கு விளக்கைத் தூண்டிவிட்டு, குதிரைக்குச் சேணம் கட்டச் சொல்லிவிட்டு, ஒருவன் அதை எழுதியிருக்கிறான். தான் அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன் என்பதைத் தவிர அவன் வேறு ஒன்றும் எழுதவில்லை.